பலகாரம் சுட்ட எண்ணெயில் பாத்திர சோப்பு: முதல்முறை செய்பவர்களுக்கு

தீபாவளி முடிந்த மறுநாள் எங்கள் அடுப்படியில் ஒரு தூக்கு நிறைய எண்ணெய் மிஞ்சியிருக்கும். முறுக்கும் அதிரசமும் சுட்டுச் சுட்டுத் தேன் நிறத்துக்கு வந்துவிட்ட எண்ணெய். அடியில் கருகிய மாவுத்தூள், மூடியைத் திறந்தால் லேசான காறல் வாடை. பல வருடம் அதைத் தாளிக்க வைத்துக்கொண்டோம், மிச்சத்தைச் சிங்கில் ஊற்றினோம். இரண்டுமே தவறு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் உடம்புக்கு ஆகாது. மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காய அதில் சேரும் சிதைவுப் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சிங்கில் ஊற்றினாலோ, குழாய்க்குள் போய்ப் படிந்து அடைத்துக்கொள்ளும்.

அதே எண்ணெயில் நல்ல பாத்திர சோப்பு செய்யலாம். எண்ணெயில் ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) அந்தப் பிடியை விடுவிக்கிறது. பிரிந்த கொழுப்பு அமிலம் சோடியத்தோடு சேர்ந்தால் சோப்பு. கூடவே கிளிசரினும் வெளியே வருகிறது, நம் கட்டியில் அது அப்படியே தங்கிவிடும். வடை மாவின் ஈரம், பொரிக்கும்போதே இந்தப் பிணைப்பைக் கொஞ்சம் உடைத்து வைத்திருக்கும். சாப்பாட்டுக்கு அது குறை, சோப்புக்கு அது குறையே இல்லை. தனித்துக் கிடக்கும் அமிலம் காஸ்டிக் சோடாவைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

பயோடீசலும் இதே எண்ணெயிலிருந்துதான் வருகிறது. அங்கே மெத்தனால் கிளிசரினை விலக்கிவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கிறது. ஆனால் மெத்தனால் விஷம், எளிதில் தீப்பற்றும். வீட்டில் அதைத் தொடவே வேண்டாம்.

எண்ணெயைச் சுத்தம் செய்தல்

உயரமான பாட்டிலில் ஊற்றி இரண்டு நாள் அசைக்காமல் வையுங்கள். கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். மசாலா வாடை அதிகம் இருந்தால், அதே அளவு தண்ணீரும் ஒரு கரண்டி உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் மெல்லிய தீயில் கொதிக்க விட்டு, ஆறியதும் மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். மீன் பொரித்த எண்ணெய் என்றால் இதை இரண்டு முறை செய்வேன். அப்படியும் வாடை முழுசாகப் போகாது, பாத்திரத்துக்குத்தானே என்று விட்டுவிடுவேன்.

எடை போடுதல்

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: எதையும் டம்ளரால் அளக்காதீர்கள். என் முதல் முயற்சியில் எண்ணெயை டம்ளரிலும் காஸ்டிக் சோடாவைக் கரண்டியிலும் அளந்தேன். சோப்பு பார்க்க அழகாக, வெள்ளையாக வந்தது. இரண்டு நாள் பாத்திரம் தேய்த்ததில் விரல் நுனிகள் தோலுரிந்து எரிந்தன. சோடா மிஞ்சிப்போயிருந்தது. அந்தக் கட்டிகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

ஒவ்வொரு எண்ணெயும் கேட்கும் சோடா வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம், சூரியகாந்திக்கு 0.134, கடலை எண்ணெய்க்கு 0.136, பாமாயிலுக்கு 0.141. பொரித்தது எது என்று தெரியாமல் எல்லாம் கலந்து கிடந்தால் 0.134 என்றே கணக்கிடுங்கள். சோடா குறைந்தால் கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும், அவ்வளவுதான். கூடினால் கை எரியும்.

நான் போடும் கணக்கு: பொரித்த சூரியகாந்தி எண்ணெய் 400 கிராம், தேங்காய் எண்ணெய் 100 கிராம். சூரியகாந்தி மட்டும் என்றால் கட்டி மெதுமெதுவென்றே கிடக்கும். கெட்டியும் நுரையும் தேங்காயால் வருவது. சோடா 53.6 + 18.3, ஆக 71.9. பாதுகாப்புக்காக அதில் 5 சதவீதம் கழித்தால் 68 கிராம். தண்ணீர் அதைப் போல இரண்டு மடங்கு, 136 கிராம்.

கடையில் கேட்கும்போது காஸ்டிக் சோடா என்று தெளிவாகக் கேளுங்கள். ஆப்ப சோடா வேறு, வாஷிங் சோடா வேறு, இரண்டிலும் இந்த சோப்பு வராது. பாக்கெட் பிரிந்து கிடந்ததை வாங்காதீர்கள். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வீரியம் குறைந்திருக்கும்.

கரைத்தல்

கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கோ கொல்லைக்கோ போய்விடுங்கள். பிள்ளைகளும் நாயும் பூனையும் பக்கத்தில் வரக்கூடாது. எவர்சில்வர் பாத்திரம்தான் எடுக்க வேண்டும். அலுமினியம் கூடவே கூடாது: சோடா அதை அரித்துவிடும், தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு கிளம்பும்.

முதலில் தண்ணீர், அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் அடுப்பே இல்லாமல் பாத்திரம் கொதிக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் போய்விடும், முதல்முறை பார்ப்பவர்களுக்குப் பயமாக இருக்கும். எழும் ஆவியை முகர வேண்டாம். கையில் பட்டால் உடனே குழாயைத் திறந்து கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். எலுமிச்சையோ வினிகரோ தடவாதீர்கள். கண்ணில் பட்டால் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

கலத்தல்

சோடாத் தண்ணீரும் எண்ணெயும் 40 டிகிரி சுமாருக்கு வந்ததும், சோடாத் தண்ணீரை எண்ணெயில் மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். கரண்டியால் கிளறினால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம், ஹேண்ட் பிளெண்டர் என்றால் சில நிமிடம். நிறம் வெளுத்துக்கொண்டே வரும். பிளெண்டரைச் சோப்புக்கு எடுத்தால் பிறகு சட்னிக்கு எடுக்கக் கூடாது.

பதம் எப்படித் தெரியும்? கரண்டியைத் தூக்கிச் சொட்ட விடுங்கள். சொட்டியது உடனே கரைந்து போகாமல் மாக்கோல இழை மாதிரி மேலேயே ஒரு கணம் நிற்க வேண்டும். நின்றால் நிறுத்திவிடுங்கள். பழைய எண்ணெயில் இந்தப் பதம் எதிர்பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும், அதனால் அச்சை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் பட்டர் பேப்பர் விரித்தால் போதும்.

காயவிடுதல்

ஊற்றி மூடி ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் விடுங்கள். கையுறையோடு எடுத்துக் கத்தியால் துண்டு போட்டு, காற்றோட்டமான நிழலில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். நான்கு முதல் ஆறு வாரம். அதற்குள் மிச்ச வினை முடிந்து ஈரமும் வற்றிக் கட்டி இறுகும். பிறகு சோப்பை நனைத்து, காரம் எவ்வளவு என்று காட்டும் பிஎச் தாளை ஒற்றிப் பாருங்கள். 9, 10 என்றால் பயன்படுத்தலாம். 11-ஐத் தாண்டினால் இன்னும் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள், அப்போதும் இறங்கவில்லை என்றால் தொட வேண்டாம். இது பாத்திரத்துக்கும் தரைக்கும் துணிக்கும்தான், முகத்துக்கு வேண்டாம்.

போர்வெல் தண்ணீர் வீடுகளில் நுரை வராமல் வெள்ளையாகத் திரிதிரியாக ஒட்டும். சோப்பு மேல் தவறில்லை, தண்ணீரில் இருக்கும் கால்சியம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கழுவும் வாளியில் ஒரு சிட்டிகை வாஷிங் சோடா போட்டுவிட்டுத் தேயுங்கள்.