மலை மிதிவண்டிக்கு ஃபோர்க் வாங்குமுன் ஹப்பையும் ஃப்ரேமையும் அளந்து பார்க்கும் முறை

புதிய சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்து, அதிர்வைத் தாங்கும் கவை) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஃபோர்க்கின் பெயரிலும் விலையிலும்தான் தேடலைத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் உங்கள் மிதிவண்டியின் ஃப்ரேமும் முன்சக்கரத்தின் ஹப்பும் (சக்கரத்தின் நடுக்குடம்) ஆகும். எவ்வளவு சிறந்த ஃபோர்க்காக இருந்தாலும், அந்த இரண்டோடும் பொருந்தாவிட்டால் அதைப் பூட்டவே முடியாது. வலிந்து பூட்டினாலோ ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. 29 அங்குலச் சக்கரமும், 100 மி.மீ. டிராவல் (ஃபோர்க் அமுங்கி இறங்கும் தூரம்) கொண்ட சுருள்வில் ஃபோர்க்கும், 9 மி.மீ. குவிக் ரிலீஸ் (நெம்பைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் அமைப்பு) ஹப்பும் உள்ள, பின்பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத சாதாரண ஹார்ட்டெயில் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஹெட் டியூபை அளத்தல்

ஃபோர்க்கின் மேற்பகுதியில் உள்ள ஸ்டியரர் குழாய் இருவகைப்படும். மேலிருந்து கீழ்வரை 1⅛ அங்குலமாகவே செல்வது நேர்க்குழாய். மேலே 1⅛ அங்குலமும் அடியில் 1½ அங்குலமும் உள்ளது டேப்பர் குழாய். இன்று விற்கப்படும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை டேப்பர் வகையே. ஹெட்செட்டை (ஸ்டியரர் சுழல உதவும் பேரிங் தொகுப்பை) கழற்றி, ஸ்டியரர் நுழையும் ஃப்ரேமின் முன்குழாயான ஹெட் டியூபின் உள்விட்டத்தை வெர்னியர் காலிபரால் மேலும் கீழும் அளந்து பாருங்கள். கீழே 56 மி.மீ. இருந்தால் டேப்பர் ஃபோர்க் தாராளமாகப் பொருந்தும். இரு முனையிலும் 44 மி.மீ. இருந்தால், கீழ்முனைக்கு வெளிக்கிண்ண ஹெட்செட் ஒன்றை வாங்கி டேப்பர் ஃபோர்க்கைப் பூட்டலாம். 34 மி.மீ. மட்டுமே இருந்தால் நேர்க்குழாய் ஃபோர்க்கைத் தவிர வேறு வழியில்லை.

படி 2: டிராவலை முடிவு செய்தல்

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு 100 முதல் 120 மி.மீ., டிரெயில் வண்டிக்கு 130 முதல் 150 மி.மீ., கரடுமுரடான இறக்கங்களில் ஓட்டும் எண்டியூரோவுக்கு 160 மி.மீ.க்கு மேல் என்பது பொதுவான வழக்கம். ஆனால் இதை ஓட்டுபவரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. டிராவலை 20 மி.மீ. கூட்டினால் வண்டியின் முன்பகுதி உயர்ந்து, ஹெட் ஆங்கிள் (ஹெட் டியூபின் சாய்வுக் கோணம்) ஏறத்தாழ 1 டிகிரி சாய்கிறது. ஹெட் டியூப் இணைப்பின் மீது விழும் விசையும் கூடுகிறது. ஆகவே, ஃப்ரேம் தயாரிப்பாளர் அனுமதித்துள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. நம் எடுத்துக்காட்டு வண்டியின் தயாரிப்பாளர் அனுமதித்தால் 120 மி.மீ. வரை செல்லலாம், அனுமதி தெளிவாக இல்லையென்றால் 100 மி.மீ.யிலேயே நிற்பது நல்லது. ஃபோர்க் 29 அங்குலச் சக்கரத்துக்கென்றே செய்யப்பட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஹப்பின் அளவைக் கண்டறிதல்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். முன் ஹப்பை இரண்டு எண்களால் குறிப்பார்கள்: முதலாவது ஆக்ஸிலின் (ஹப்பின் நடுவே செல்லும் அச்சின்) விட்டம், இரண்டாவது ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையே ஹப் அமரும் அகலம்.

பழைய, விலை குறைந்த வண்டிகளில் இருப்பது 9×100. இதில் ஃபோர்க் காலின் நுனி கீழ்நோக்கித் திறந்திருக்கும். 2008-09 காலத்தில் ஃபாக்ஸும் ஷிமானோவும் சேர்ந்து 15×100 அளவைக் கொண்டுவந்தன. இதில் ஆக்ஸில் ஃபோர்க்கின் கால்களுக்குள் ஊடுருவித் திருகப்படுவதால் முன்சக்கரம் எளிதில் முறுகாது. அதன்பின் வந்த 15×110 அளவுக்குப் பூஸ்ட் என்று பெயர். ஹப்பின் விளிம்புகள் அகன்றிருப்பதால் ஸ்போக்குகள் நல்ல கோணத்தில் நின்று, பெரிய 29 அங்குலச் சக்கரத்துக்கு உறுதி தருகின்றன. இன்று புதிதாக வாங்கும் ஃபோர்க் பெரும்பாலும் பூஸ்டாகவே இருக்கும்.

பழைய டவுன்ஹில் வண்டிகளில் 20×110 ஹப் உண்டு. அகலம் 110 தானே என்று அதைப் பூஸ்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆக்ஸிலின் விட்டம் மட்டுமல்ல, டிஸ்க் ரோட்டர் (பிரேக் பிடிக்கும் வட்டத்தகடு) நிற்கும் இடமும் வேறு.

ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகள் சிலவற்றில் டார்க் கேப் என்னும் 31 மி.மீ. விட்டமுள்ள ஹப் முனைக்கான குழிவு இருக்கும். வழக்கமான 21 மி.மீ. முனையுள்ள ஹப் அதில் வேலை செய்யும். ஆனால் டார்க் கேப் முனையுள்ள ஹப் சாதாரண ஃபோர்க்கில் அமராது.

படி 4: பழைய சக்கரத்தை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா

15×100 ஹப் உள்ளவர்கள், இருபுறமும் 5 மி.மீ. முனைத்துண்டுகளும், ரோட்டருக்கு அடியில் 5 மி.மீ. ஸ்பேசரும், நீளமான போல்ட்டுகளும் உள்ள மாற்றுத் தொகுப்பைப் பயன்படுத்திப் பூஸ்ட் ஃபோர்க்கில் அதைப் பொருத்தலாம். மறுதலையாக, 110 மி.மீ. ஹப்பை 100 மி.மீ. ஃபோர்க்கில் நுழைக்க முடியாது.

நம் 9×100 ஹப்பின் நிலை வேறு. முனைமூடிகளைக் கழற்றக்கூடிய, கார்ட்ரிட்ஜ் பேரிங் உள்ள ஹப் என்றால், தயாரிப்பாளர் 15 மி.மீ. மூடிகளை விற்கிறாரா என்று பார்க்கலாம். கிண்ணமும் கூம்பும் தனிக் குண்டுகளும் கொண்ட எளிய ஹப்பை மாற்ற இயலாது. அந்த நிலையில் இரண்டே வழிகள்: 9 மி.மீ. குவிக் ரிலீஸுக்கென்றே செய்யப்பட்ட காற்று ஃபோர்க்கை (சுருள்வில்லுக்குப் பதில் காற்றழுத்தத்தால் இயங்குவதை) வாங்குவது, அல்லது பூஸ்ட் ஃபோர்க்கோடு புதிய முன்சக்கரமும் வாங்குவது. மண்பாதைகளில் தொடர்ந்து ஓட்டப்போகிறவர்களுக்கு இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். ஆனால் ஃபோர்க்கும் சக்கரமும் சேர்ந்து வண்டியின் விலையை நெருங்குமானால், அந்தப் பணத்தைச் சேமித்து வேறு வண்டி வாங்குவதே சரி.

படி 5: வில்லும் பிரேக்கும்

சுருள்வில் ஃபோர்க் குறிப்பிட்ட எடை வரம்புக்கே பொருந்தும். எடை குறைந்தவருக்கு அது அசையாமல் நிற்கும். காற்று ஃபோர்க்கில் அழுத்தத்தை எடைக்கேற்ப மாற்றலாம் என்பதால், தொடக்கநிலையினருக்கு அதுவே ஏற்றது. ஃபோர்க்கின் பிரேக் மவுண்ட் நேரடியாக ஏற்பது 160 மி.மீ. ரோட்டரா, 180 மி.மீ. ரோட்டரா என்று பார்த்து, தேவையான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள்.

படி 6: பூட்டியபின் சோதித்தல்

ஃபோர்க்கில் உள்ள காற்றை முழுவதும் இறக்கி, அடிவரை அமுக்கிப் பாருங்கள். டயர் ஃபோர்க்கின் கிரவுனில் (இரு கால்களையும் மேலே இணைக்கும் பகுதியில்) உரசக் கூடாது. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கிரவுன் ஃப்ரேமின் கீழ்க்குழாயில் இடிக்கவும் கூடாது. பின்னர் ஷாக் பம்பால் காற்றேற்றி, ஓட்டும் உடையோடும் பையோடும் வண்டியில் ஏறி நில்லுங்கள். ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையம் டிராவலில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 120 மி.மீ. ஃபோர்க்கில் 24 மி.மீ., நகர்ந்திருந்தால் போதும். அதைவிடக் கூடுதலாக இறங்கினால் காற்றைச் சற்று ஏற்றுங்கள்; குறைவாக இறங்கினால் சற்று விடுங்கள்.