அடம் பிடிக்கிற புள்ள தானா செய்யணும்னா நாம கொஞ்சம் தள்ளி நிக்கணும்

எங்க சின்னவனுக்கு ஆறு வயசு. காலைல பல்லு விளக்குறதுல ஆரம்பிச்சு ஷூ மாட்டுற வரைக்கும் தினம் மல்லுக்கட்டுதான், நான் பத்து தடவ சொல்லுவேன், அவன் தரைல உருளுவான், வேன் ஹாரன் அடிச்சதும் நானே மாட்டிவிட்டு அனுப்பிடுவேன். உருண்டா அம்மா செஞ்சிடும்னு நானேதான் அவன பழக்கியிருக்கேன்னு ரொம்ப லேட்டா புரிஞ்சுது.

மொதல்ல ஒரே ஒரு வேலைய எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டா ரெண்டு பேருக்கும் தாங்காது. நான் ஷூவ எடுத்தேன். லேஸ் வேணாம்னு வெல்க்ரோ ஷூ வாங்கி, வாசல்ல அவன் உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டு, ஒரு யானை ஸ்டிக்கர பாதியா வெட்டி ரெண்டு ஷூவுக்குள்ளயும் ஒட்டினேன், சரியா சேத்து வச்சா முழு யானை வரும். 1939ல நம்ம அடையாறுக்கு வந்து டீச்சர்களுக்கு ட்ரெயினிங் குடுத்தாங்களே மரியா மாண்டிசோரி, அவங்க முறையே இதுதான்: சாமான் புள்ள கைக்கு எட்டணும், கைக்கு அடங்கணும், ஒரு தடவ மெதுவா செஞ்சு காட்டிட்டு பெரியவங்க ஒதுங்கிக்கணும்.

ஒதுங்குறதுன்னா வாயும் ஒதுங்கணும், அதான் கஷ்டம். "அந்த கால் இல்லடா"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். நான் பக்கத்துலயே சின்ன வெங்காயம் உரிக்க உக்காந்துடுவேன், கைக்கு வேலை இருந்தா அவன் கிட்ட போகாது.

மொத வாரம் அழுக இன்னும் ஜாஸ்தியாகும், பயப்படாதீங்க. பழைய வழி பலிக்கலன்னு இன்னும் ஓங்கி முயற்சி பண்ணி பாக்குறாங்க, சைக்காலஜில இத எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட்னு சொல்லுவாங்க. நாலாம் நாள் மனசு எளகி மாட்டிவிட்டுட்டீங்கன்னா, இவ்ளோ நேரம் அழுதா கெடைக்கும்னு கத்துக்கும். வீட்ல பெரியவங்க கிட்டயும் முன்னாடியே பேசிடுங்க, எங்க அத்தை பாவம் மனசு கேக்காம ஓடி வந்துடுவாங்க.

ஒரு நாள் கால் மாத்தி போட்டுட்டே போனான், விட்டுட்டேன். சாயங்காலம் "வலிச்சுதும்மா"ன்னான். மறுநாள் அவனா குனிஞ்சு யானைய சேத்து பாத்தான், நான் "நீயே பாத்துட்டியே"ன்னு மட்டும் சொன்னேன்.

ரோடு, அடுப்பு, தண்ணித்தொட்டி, அடுத்த புள்ளைய அடிக்கிறது, இதுலல்லாம் தள்ளி நிக்கவே கூடாது. இன்னொன்னு, நாம அடம்னு நெனைக்கிறது சில சமயம் நெஜமாவே அந்த புள்ளைக்கு முடியாததா இருக்கும், பட்டன் போட விரல் வரலன்னாலோ, சத்தம், துணி உறுத்தல் தாங்காம துடிச்சாலோ குழந்தை டாக்டர் கிட்ட காட்டிடுங்க.

இப்ப நாங்க தட்டு கழுவுறதுக்கு வந்திருக்கோம், அந்த முக்காலிய சிங்க் கிட்ட அவனே தூக்கிட்டு போயிட்டான்.