அகராதி ஆட்டத்தில் எல்லாரும் செய்கிற தப்புகள்

பூப்பறிக்கிற நோம்பிக்கோ ஆடிப் பதினெட்டுக்கோ ஒறம்பரை வந்து வீடு நிறைந்திருக்கும்போது, சாப்பாடு முடிந்து பாயை விரித்து உட்கார்ந்தால், சீட்டுக்கட்டை விட நல்ல ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு தடித்த அகராதி, ஆளுக்கொரு பேனா, பழைய நோட்டில் கிழித்த துண்டுத்தாள்கள், அவ்வளவுதான் செலவு. ஒருவர் அகராதியைப் புரட்டி யாருக்கும் தெரியாத சொல் ஒன்றை எடுத்துச் சொல்வார். மற்றவர்கள் அதற்கு ஆளாளுக்கு ஒரு பொய்ப் பொருளை எழுதி மடித்துக் கொடுப்பார்கள். அவர் நிஜப் பொருளையும் ஒரு தாளில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து வாசிப்பார். எது நிஜம் என்று ஓட்டுப் போட வேண்டும். சரியாகக் கண்டுபிடித்தால் ஒரு புள்ளி, உங்கள் பொய்க்கு விழும் ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரு புள்ளி, யாருமே கண்டுபிடிக்காவிட்டால் அகராதிக்காரருக்கு இரண்டு புள்ளி. அடுத்த சுற்றில் அகராதி பக்கத்து ஆளிடம் போகும். ஆங்கிலக்காரர்கள் இதை வெகுகாலமாக ஆடுகிறார்கள். 1965-ல் பிபிசி இதே பாணியில் 'கால் மை பிளஃப்' என்று தொலைக்காட்சியில் போட்டது, 1984-ல் கனடாவில் 'பால்டர்டாஷ்' என்று பெட்டியில் அடைத்து விற்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நமக்குப் பெட்டியெல்லாம் வேண்டாம், ஆனால் ஆடத் தெரிய வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இரண்டு சுற்றிலேயே ஆட்டம் சப்பென்று ஆகி, எல்லாரும் எழுந்து போன் நோண்டப் போய்விடுகிறார்கள்.

முதல் கோளாறு அகராதியிலேயே ஆரம்பிக்கிறது. வீட்டில் இருப்பது பிள்ளைகளின் கையகராதி என்றால் அதில் இருப்பதெல்லாம் தெரிந்த சொல்லாகத்தான் இருக்கும். 1992-ல் முதலில் வந்த க்ரியாவின் அகராதி அருமையான அகராதி, எழுதுகிறவர்கள் கையருகே வைத்திருக்க வேண்டியது, ஆனால் அது இன்றைக்குப் புழங்குகிற தமிழுக்கானது என்பதால் இந்த ஆட்டத்துக்குச் சரிப்படாது. இதற்கென்றே செய்தது போல இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன்தான். 1924-லிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-ல் அனுபந்தமும் சேர்ந்தது, மொத்தம் லட்சம் சொல்லுக்கு மேல். ஆறும் தேவையில்லை, ஏதாவது ஒரு தொகுதி கிடைத்தால் பல வருஷத்து நோம்பிக்குப் போதும். புத்தகம் இல்லாவிட்டால் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் முழுவதும் இருக்கிறது. அதில் ஆங்கிலப் பொருள் முதலிலும் தமிழ்ப் பொருள் பின்னாலும் வரும். தமிழில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே மொழிபெயர்த்து எழுதினால் அந்த ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி ஒலிக்கும், உட்கார்ந்திருக்கிறவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

அடுத்தது சொல் பொறுக்குவது. நீளமான, பயமுறுத்துகிற சொல்லாகத் தேடிப் பிடிப்பார்கள். பெரும்பாலும் அது இரண்டு மூன்று சொல் ஒட்டிக்கொண்டதாக இருக்கும், பிரித்துப் பார்த்தால் பொருள் வந்துவிடும். குட்டைச் சொல்தான் நல்ல சொல். 'எண்கு' என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் எண், கணக்கு, எட்டு என்று ஓடுவார்கள். பொருள்: கரடி. 'அளகு' என்றால் அழகையும் கூந்தலையும் நினைத்துக்கொண்டு எழுதுவார்கள். அது பெட்டைக் கோழி, கோழிக்கும் கூகைக்கும் மட்டும்தான் அந்தப் பெண்பாற்பெயர் பொருந்தும் என்று தொல்காப்பியமே வரையறுக்கிறது. 'ஞெகிழி' இன்னும் சுவாரசியம், பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்று இப்போது எழுதுவதால் காலேஜ் பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், யாராவது ஒருவர் 'உருகி வளையும் பொருள்' என்று எழுதியே தீருவார். நிஜத்தில் அது கொள்ளிக்கட்டை. இப்படித் தப்பான பக்கம் ஆளை இழுத்துப் போகிற சொல் கிடைத்தால் விடாதீர்கள்.

தெரிந்த சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற தெரியாத பொருளையும் எடுக்கலாம். 'குளிர்' என்றால் தினைப்புனத்தில் கிளி விரட்டுகிற ஒரு கருவி, குறிஞ்சிப்பாட்டில் தழல், தட்டை இவற்றோடு சேர்ந்து வருகிறது. இதை எடுத்தால் "நீங்க நினைக்கிற குளிர் இல்லீங்க, வேற" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேர் ஊட்டியையும் மார்கழியையும் எழுதிவிட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் சொல் எடுப்பது பெரிய தப்பு. ஈரோட்டுப் பக்கம் எந்தக் கூட்டத்திலும் ஒரு தமிழாசிரியராவது இருப்பார், அவருக்கு ஞமலி என்றால் நாய் என்று தூக்கத்திலும் தெரியும். பொள்ளாச்சி, வேலந்தாவளம் பக்கத்து ஆட்களுக்கு மலையாளம் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அவர்களிடம் போய் 'உணங்குதல்' என்று எடுத்தால் சிரிப்பார்கள், காய்கிறதுக்கு அவர்கள் அன்றாடம் கேட்கிற சொல் அது. சொல்லைச் சொன்னதும் "தெரிஞ்சவங்க கை தூக்குங்க" என்று கேட்டு, ஒருவர் தூக்கினாலும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு எடுங்கள்.

சரி, எழுதுவதற்கு வருவோம். ஓட்டெல்லாம் இங்கேதான் கை நழுவிப் போகிறது. சிரிக்க வைக்க வேண்டும் என்று எழுதுகிறவருக்கு ஓட்டு விழாது. 'மாமியார் வருவதைக் கண்டு மருமகள் விடும் பெருமூச்சு' என்று எழுதினால் சபையே சிரிக்கும், ஒருத்தரும் ஓட்டுப் போட மாட்டார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு ஆள் அப்படி எழுதினால் ஆட்டம் களைகட்டும், எல்லாரும் அதையே செய்தால் நிஜப் பொருள் தனியாக நின்று மாட்டிக்கொள்ளும். அதற்கு அடுத்த நிலையில் இருக்கிறவர்கள் விவரமாக எழுதினால் நம்புவார்கள் என்று நினைத்து நாலு வரி எழுதுவார்கள்: 'சேர நாட்டு மன்னர்கள் போருக்குப் புறப்படும் முன் யானையின் நெற்றியில் கட்டும் செம்பட்டுத் துணி, இதில் பொன் நூல் வேலைப்பாடு இருக்கும்.' அகராதி அப்படி மூச்சு விடாமல் பேசாது. அதற்கு இடம் பஞ்சம். லெக்சிகனைத் திறந்து நாலு பக்கம் படித்துப் பாருங்கள், 'மரவகை', 'மீன்வகை', 'பழைய வரிவகை' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எண்கு சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தாள்களில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'கணக்கர்கள் பயன்படுத்திய மணிச்சட்டம்', 'எட்டுப் பேர் சேர்ந்து தூக்கும் பல்லக்கு', 'பனையோலை விசிறியின் காம்பு', 'கரடி'. புதிதாக ஆடுகிறவர்கள் முதலில் ஒதுக்குவது கரடியைத்தான், இவ்வளவு சாதாரணமாகவா இருக்கும் என்று. நாலு சுற்று ஆடினவர் விசிறிக் காம்புக்கும் கரடிக்கும் நடுவில் தவிப்பார், ஏனென்றால் அந்த இரண்டுக்கும்தான் சொல்லின் ஒலியோடு எந்த ஒட்டும் இல்லை. மணிச்சட்டமும் பல்லக்கும் 'எண்' என்ற ஒலியைப் பிடித்துக்கொண்டு வந்தவை என்பது அவருக்கு வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

அதனால் சொல்லைக் கேட்டதும் மனதில் வருகிற முதல் பொருளை எழுதாதீர்கள். உங்களுக்கு வந்தது பக்கத்தில் இருக்கிறவருக்கும் வந்திருக்கும், இரண்டு தாளில் ஒரே மாதிரி இருந்தால் இரண்டுமே பொய் என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லின் ஒலிக்குச் சம்பந்தமே இல்லாத, கையால் தொடக்கூடிய, உப்புச்சப்பில்லாத ஒரு பொருளை எடுங்கள். கலப்பையின் ஒரு பாகம், பானையின் விளிம்பு, கன்றின் கழுத்துக் கயிறு, இரண்டாம் முறை விளைந்த பயிர். காங்கேயம் தாராபுரம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, மாடும் வண்டியும் கிணறுமாக வளர்ந்தவர்கள் எழுதினால் அதில் ஒரு நிஜம் ஏறிவிடுகிறது. 'மரவகை' என்று எழுதுவதும் நல்ல பொய்தான், ஆனால் ஒரு ராத்திரிக்கு ஒரு தடவைக்கு மேல் எழுதினால் உங்கள் கையெழுத்துப் போலவே அதுவும் பழகிவிடும்.

இலக்கணத்தில் கோட்டை விடுகிறவர்கள் ரொம்பப் பேர். லெக்சிகனில் வினைச்சொல் '-தல்' என்று முடியும், பொருளும் 'வாடுதல்', 'குறைதல்' என்று அதே மாதிரி முடியும். நீங்கள் 'ஒருத்தரை ஏமாத்துறது' என்று எழுதினால் வாசிக்கும்போதே வேஷம் கலைந்துவிடும். அகராதிக்காரர் சொல்லைச் சொல்லும்போதே பெயர்ச்சொல்லா வினையா என்று சொல்லிவிட வேண்டும், அதை அவர் மறந்தால் நீங்கள் கேளுங்கள். பெயர்ச்சொல்லுக்கு 'ஓடுதல்' என்று எழுதி மாட்டிக்கொள்வதில் ஒரு சுவாரசியமும் இல்லை.

இந்த மாதிரி வறட்டுப் பொருள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1934-ல் வெளிவந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில் 'டோர்ட்' என்று ஒரு சொல், பொருள் 'அடர்த்தி'. அப்படி ஒரு சொல்லே கிடையாது. அடர்த்தியைக் குறிக்க பெரிய டி-யோ சின்ன டி-யோ போடலாம் என்று சொல்ல, அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் 'D or d' என்று எழுதின துண்டுச்சீட்டு, சொற்களுக்கான கட்டில் கலந்து ஒரே சொல்லாக அச்சேறிவிட்டது. 1939-ல் ஒரு பதிப்பாசிரியர் அதற்கு வேர்ச்சொல் எதுவும் போடவில்லையே என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தார். அதுவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதே இடத்தில் நாலு வரிக்கு யானையும் செம்பட்டும் இருந்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

வாசிக்கிறவர் கெடுக்கிற ஆட்டம் தனி. தாள்களை வாங்கினதும் வாசிக்க ஆரம்பிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒருமுறை மனதுக்குள் படித்து, புரியாத கையெழுத்தை எழுதினவரிடம் ஜாடையாகக் கேட்டுத் தெளிந்துகொண்டு (கேட்கிற சாக்கில் எல்லாரிடமும் ஒருமுறை போய் வாருங்கள்), அப்புறம் வாசியுங்கள். தடுமாறி வாசித்த தாள் பொய், சரளமாக வாசித்தது நிஜம் என்று எதிரில் இருக்கிறவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்கள். நிஜப் பொருளை எப்போதும் கடைசியில் வைப்பது, அதை வாசிக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவது, சிரிப்புத் தாளை வாசிக்கும்போது எழுதினவர் முகத்தைப் பார்ப்பது, இதெல்லாம் இரண்டாவது சுற்றிலேயே கண்டுபிடிக்கப்படும். எழுத்துப்பிழையைத் திருத்தி வாசிக்கலாம், பொருளைத் திருத்தக் கூடாது. நிஜப் பொருளை எழுதுகிற தாளும் மற்றவை போல அதே நோட்டில் கிழித்ததாக இருக்கட்டும்.

ஓட்டுப் போடும்போது வாயைத் திறந்து "ரெண்டாவதுதான், சந்தேகமே இல்ல" என்று ஒரு பெரியப்பா சொன்னால் முடிந்தது, மரியாதைக்காகவே மருமக்களெல்லாம் இரண்டில் போட்டுவிடுவார்கள். ஒன்று இரண்டு மூன்று சொல்லி, எல்லாரும் ஒரே நேரத்தில் விரலைக் காட்டச் சொல்லுங்கள். தன் தாளுக்குத் தானே ஓட்டுப் போடுவது கூடாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், நடுவில் சொன்னால் அழுகைதான். போன்களை ஒரு போசியில் போட்டு அட்டாலி மேல் வைத்துவிடுங்கள். தளத்தில் பார்த்து ஆடுகிற வீட்டில் அகராதிக்காரர் கையில் மட்டும் ஒன்று இருக்கலாம்.

வட்டாரச் சொல் சுற்று என்று ஒன்று வைப்பார்கள், நல்லதுதான், ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒடக்கான், பொடக்காளி, இட்டேரி எல்லாம் கோபியிலும் பெருந்துறையிலும் சிறுசுகளுக்குக்கூடத் தெரியும், அங்கே இவற்றை எடுப்பதில் அர்த்தமில்லை. சென்னையில் வளர்ந்த மாப்பிள்ளையோ, சரவணம்பட்டி அடுக்குமாடியில் வளர்ந்த பேரப்பிள்ளைகளோ நிறைய இருந்தால் மட்டும் எடுங்கள். 'பழமை' என்று எடுத்தால் அவர்கள் பழங்காலம், பழைய சோறு என்றெல்லாம் எழுதுவார்கள், இங்கே பேச்சுக்குத்தான் பழமை என்று பெயர் என்பது தெரியாது. இன்னொன்று, ஏதோ ஓர் அச்சிட்ட அகராதியில் இருக்கிற சொல்லாக இருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தாதீர்கள். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளலாம். அம்மிச்சி சொன்னார், அப்புச்சி சொன்னார் என்று வாயால் வந்த சொல்லை அனுமதித்தால், "எங்கூர்ல அதுக்கு அர்த்தமே வேறீங்" என்று யாராவது ஆரம்பித்து, தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாமல் அரைமணி நேரம் போகும். கொங்குக்காரர்கள் மட்டுமே இருக்கிற கூட்டத்துக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி இன்னும் பொருத்தம், கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு இங்கே பலருக்குப் புதுசு.

கடைசியாக, யாராவது பொய் எழுதப் போய் நிஜப் பொருளையே எழுதிவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், இது நீங்கள் நினைப்பதை விட அடிக்கடி நடக்கும். அவருக்கு இரண்டு புள்ளி கொடுத்து, அந்தத் தாளை ஓரம் வைத்துவிட்டு, யார் என்று சொல்லாமல் சுற்றைத் தொடரலாம். அவர் மற்றவர்களோடு சேர்ந்து ஏதாவது ஒரு பொய்க்கு விரலைக் காட்டி நடித்துக்கொள்ள வேண்டும், அந்த ஓட்டு மட்டும் கணக்கில் வராது. இரண்டு பேர் அப்படி எழுதியிருந்தால் சொல்லை மாற்றிவிடுங்கள்.