மெமன்டைன் மாத்திரையை வீட்டில் எப்படித் தொடங்குவது: முதல் நாலு வாரமும் அதற்கு அப்புறமும்

அல்சைமர் என்று சொல்லி, கொஞ்ச காலம் டோனெபெசில் என்ற ஞாபக மறதி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, நோய் நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டது என்று தோன்றும்போது டாக்டர் சீட்டில் மெமன்டைன் என்று இன்னொரு பெயரையும் சேர்ப்பார். தினம் கொடுக்கும் டோஸ் வாரத்துக்கு வாரம் ஏறுகிற நாலு வாரக் கணக்கு ஒன்றும் கூடவே இருக்கும். வெளியே இருபது பேர் காத்திருப்பதால் ஏன், எதற்கு என்று கேட்க நமக்கும் வாய் வராது. என் மாமியாருக்கு இதைத் தொடங்கியபோது நான் இரண்டு தப்பு செய்தேன். இந்த மாத்திரை மூளைக்குள் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிந்திருந்தால் இரண்டையுமே செய்திருக்க மாட்டேன். அதனால் முதலில் அந்தக் கதை, அப்புறம் மாத்திரை டப்பா.

மூளையில் ஒரு நரம்பணு பக்கத்து நரம்பணுவை எழுப்பப் பயன்படுத்தும் முக்கியமான ரசாயனம் குளூட்டமேட். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒன்று என்எம்டிஏ. இதைக் கண்மாய் மடை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் மெக்னீசியம் அயனி ஒன்று துவாரத்தில் உட்கார்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் வந்து தட்டினால் மட்டும் மடை திறந்துவிடாது, கூடவே கிளைசினோ டி-செரினோ என்ற துணை ரசாயனம் வந்து ஒட்ட வேண்டும், அந்த நேரத்தில் வாங்கும் நரம்பணுவும் ஏற்கெனவே விழித்திருக்க வேண்டும். எல்லாம் கூடி வந்தால்தான் மெக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே பாயும், அந்த இணைப்பு பலப்படும். புது விஷயம் மனதில் பதிவதே பெரும்பாலும் இப்படித்தான்.

அல்சைமரில் இந்த இடம் இரண்டு விதமாகக் கெடுகிறது, இங்கேதான் எனக்கு முதலில் குழம்பியது. ஒரு பக்கம், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் என்எம்டிஏவும், குளூட்டமேட்டை வாங்கும் இன்னொரு வகையான ஆம்பாவும் குறைகின்றன. இந்த நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு பீட்டா என்ற புரதம் சின்னச் சின்னக் கொத்தாகச் சேர்ந்து, இரண்டு நரம்பணு சந்திக்கும் இணைப்பான சினாப்ஸில் வேலை செய்துகொண்டிருந்த ஏற்பிகளை அணுவுக்குள் இழுத்துக்கொள்ளச் செய்கிறது என்று ஆய்வகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஏற்பியே குறைந்துபோன மூளையில் மிச்சமிருப்பதையும் அடைக்க ஒரு மாத்திரையா?

பதில் இடத்தில் இருக்கிறது. சினாப்ஸுக்குள் இருக்கும் என்எம்டிஏ ஒரு வேலை செய்கிறது, சினாப்ஸுக்கு வெளியே இருக்கும் என்எம்டிஏ வேறு வேலை செய்கிறது. கெடுதலின் இன்னொரு பக்கம் இதுதான்: சிந்திய குளூட்டமேட்டைத் துடைத்து எடுக்க வேண்டிய அஸ்ட்ரோசைட் அணுக்கள் இந்த நோயில் சரியாகத் துடைப்பதில்லை, அதனால் அது வெளியே வழிந்து அங்கிருக்கும் ஏற்பிகளை விடாமல் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. வயலுக்குத் தேவையான நாளில் மடை திறந்தால் பயிர் பிழைக்கும். ராத்திரி பகலாகக் கசிந்துகொண்டே இருந்தால் வேர் அழுகும். கால்சியம் அப்படிக் கசிந்துதான் நரம்பணு சாகிறது என்பது மெமன்டைனுக்குப் பின்னால் இருக்கும் கருத்து. இந்த மாத்திரை துவாரத்தில் தளர்வாகத்தான் உட்காருகிறது: கசிவை அடைக்கும், உண்மையான பலமான சிக்னல் வந்தால் சட்டென்று எழுந்து வழிவிடும். இதே ஏற்பியைக் கெட்டியாக அடைக்கும் மருந்துகளும் உண்டு. மயக்க மருந்தான கெட்டமைன் அதில் ஒன்று, ஞாபகத்துக்கு அதை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

(வேடிக்கை என்னவென்றால், 1968-இல் எலை லில்லி நிறுவனம் இதற்குக் காப்புரிமை வாங்கியபோது நோக்கம் சர்க்கரையைக் குறைப்பது. சர்க்கரை குறையவில்லை. அப்புறம் அது ஜெர்மனிக்குப் போய், 2002-இல் ஐரோப்பாவிலும் 2003-இல் அமெரிக்காவிலும் அல்சைமர் மருந்தாக அனுமதி வாங்கியது.)

சரி, டப்பாவுக்கு வருவோம். வழக்கமான கணக்கு: முதல் வாரம் தினம் 5 மி.கி., இரண்டாம் வாரம் 10, மூன்றாம் வாரம் 15, நாலாம் வாரத்திலிருந்து 20. உங்கள் டாக்டர் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் சரி. சாப்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ, பிரச்சினை இல்லை, நேரம் மட்டும் மாறக் கூடாது. சாதாரண மாத்திரையைக் கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம், அட்டையில் ஈஆர் அல்லது எக்ஸ்ஆர் (மருந்தை மெதுவாக விடும் வகை) என்று இருந்தால் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. தொடங்குவதற்கு முன்னால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுங்கள், இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகிறது. சிறுநீரகம் ரொம்பப் பலவீனமாக இருப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 10 மி.கி.யோடு நிறுத்திவிடுவார்கள். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, டோனெபெசிலும் மெமன்டைனும் சேர்ந்த கூட்டு மாத்திரை உண்டு. ஒரு டாக்டர் தனித்தனியாக எழுத, இன்னொருவர் வேறு பிராண்டில் கூட்டாக எழுத, வீட்டில் இரண்டும் நடந்துகொண்டிருக்கும். பிராண்டைப் பார்க்காதீர்கள், கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

என் முதல் தப்பு இருமல் சிரப். மாமியாருக்கு வறட்டு இருமல், கடையில் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். இரண்டாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார். நோய் முற்றிவிட்டது என்று அழுதே விட்டேன். கடைசியில் லேபிளைப் படித்தால் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். அதுவும் இதே என்எம்டிஏ மடையில் போய் உட்காரும் சரக்குதான், மெமன்டைனோடு சேர்க்கக் கூடாது. பார்க்கின்சனுக்குத் தரும் அமன்டடீனும் அப்படித்தான். ஏதாவது அறுவை சிகிச்சை வந்தால் மயக்க டாக்டரிடம் மெமன்டைன் ஓடுகிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கெட்டமைனும் அந்தக் குடும்பமே.

அடுத்தது யாரும் சொல்லாத விஷயம். சிறுநீர் காரத்தன்மைக்கு மாறினால் மெமன்டைன் வெளியேறுவது பெருமளவு குறைந்து உடம்பில் தேங்கும். நீர்க்கடுப்புக்கு என்று வாங்கிக் கொடுக்கிற ஆல்கலைசர் சிரப், வாயுவுக்குத் தினமும் குடிக்கிற ஈனோ அல்லது சோடா உப்பு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சிறுநீர்த் தொற்றும் இந்தக் கணக்கில் வரும், அது தனியாகவே வயதானவர்களைக் குழப்பிவிடும் என்பதால் திடீர்க் குழப்பம் வந்தால் முதலில் யூரின் டெஸ்ட். அசைவத்திலிருந்து முழுச் சைவத்துக்குத் திடீரென்று மாறுவதைக்கூட மருந்துக் குறிப்பில் எழுதியிருக்கிறார்கள். புரட்டாசிக்கு மீன்குழம்பை நிறுத்துகிற வீடாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை போட்டுவையுங்கள், நீங்களாக டோஸைத் தொடாதீர்கள்.

ஆரம்ப வாரங்களில் தலைசுற்றல், தலைவலி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் வரலாம், சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறும். தலைசுற்றல்தான் எனக்குப் பயம். ராத்திரி பாத்ரூம் விளக்கை அணைக்காதீர்கள், டோஸ் கூடிய முதல் இரண்டு நாள் எழுந்து நடக்கும்போது யாராவது கூடவே இருங்கள். மாயத்தோற்றம், புதுக் குழப்பம், விழுவது, வலிப்பு என்றால் அடுத்த விசிட் வரை காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது தப்பு: மூன்றாம் வாரம் ஆகியும் ஒரு முன்னேற்றமும் இல்லை என்று நானாகவே நிறுத்தினேன், ஒரு வாரம் கழித்து வீட்டுக்காரர் திட்டியதும் விட்ட இடத்திலிருந்தே 15 கொடுத்தேன். அன்று மதியம் மாமியார் சோபாவிலிருந்து எழவே முடியாமல் தள்ளாடினார். ஒரு வேளை மறந்தால் ஒன்றும் ஆகாது, மருந்து பாதியாகக் குறையவே 60 முதல் 80 மணி நேரம் ஆகும், அடுத்த வேளை வழக்கம்போல் கொடுங்கள், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். பல நாள் விட்டுப்போனால் டாக்டரைக் கேளுங்கள், பெரும்பாலும் மறுபடி 5-இலிருந்துதான் ஆரம்பிக்கச் சொல்வார்.

முன்னேற்றம் எதிர்பார்த்ததே தப்பு. கசிவை அடைத்தால் அழுகிய வேர் துளிர்க்காது. 2003-இல் வெளியான ஆய்வில் 252 பேரை 28 வாரம் பார்த்தார்கள். மெமன்டைன் எடுத்தவர்களும் சரிந்தார்கள், எடுக்காதவர்களைவிட மெதுவாகச் சரிந்தார்கள், அவ்வளவுதான். ஆரம்பக் கட்டத்தில் இது பலன் தருகிறது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை, அதனால் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்தார்கள் என்று டாக்டரை நச்சரிக்க வேண்டாம்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். ஞாபகத்தை எழுதாதீர்கள், வேலைகளை எழுதுங்கள்: தானே சாப்பிட்டாரா, ஜாக்கெட் கொக்கி மாட்டினாரா, எத்தனை தடவை ராத்திரி எழுந்தார், யாரைத் திட்டினார். வாரம் ஒரு முறை, நாலு வரி போதும். ஏற்பி எவ்வளவு குறைந்தது என்று சாதாரண எம்ஆர்ஐயில் தெரியாது, ஆகவே டாக்டருக்கும் இந்த நோட்டுதான் ஸ்கேன்.

குளூட்டமேட் என்றதும் அஜினோமோட்டோவை நிறுத்தலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சாப்பாட்டிலிருந்து வரும் குளூட்டமேட்டைக் குடலே பெரும்பாலும் செலவழித்துவிடும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டிப் போவது மிகக் குறைவு. தக்காளியிலும் அது இருக்கிறது, ரசம் வைப்பதை நிறுத்தாதீர்கள்.

மறுபடி 5-இலிருந்து ஏற்றி 20-க்கு வந்து மூன்று மாதம் ஆனபோது எங்கள் நோட்டில் இருந்தது இது: பேரன் பெயர் தெரியவில்லை, முன்பும் தெரியாது. பல் தானே தேய்க்கிறார், முன்பும் தேய்த்தார். ராத்திரி இரண்டு தடவை எழுகிறார், முன்பும் இரண்டுதான். டாக்டர் அதைப் படித்துவிட்டு, நல்லது, 20-ஐத் தொடருங்கள் என்றார்.