பால்வெட்டு நேரத்தில் பங்கோர் கடலில்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். பதினாறு வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன், இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். லீவு கிடைத்தால் லுமுட் துறையில் ஃபெரி ஏறிப் பங்கோர் தீவுக்குப் போய்விடுவேன். தீவின் மேற்குக் கரையில் தெலுக் நிப்பா கடற்கரை. அங்கே துடுப்புப் போட்டு ஓட்டும் சின்னப் படகான கயாக் வாடகைக்குக் கிடைக்கும்.

முந்தின நாளே போய்த் தங்குங்கள். விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் உள்ளவர்களுக்கு இது சுலபம். விடிந்ததும் கடலில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரை சேர வேண்டும். பிற்பகலில் காற்றும் இடியும் வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 'சுமத்ரா' என்கிற புயற்காற்று மலாக்கா ஜலசந்தியைத் தாண்டி வருவது பெரும்பாலும் பின்னிரவிலும் காலையிலும்தான். மேற்கே அடிவானத்தில் கறுப்பாக நீளக் கோடு போட்டதுபோல் மேகம் தெரிந்தால், தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துக்கொண்டு கரையிலேயே உட்காருங்கள்.

அப்புறம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் ஏற்றமும் வற்றமும் பெரிது, இழுப்பும் அதிகம். வற்றும்போது பவளப்பாறை தலைநீட்டும், கடல் முள்ளெலியின் முள் காலில் ஏறும். அஷ்டமிக்கு ஓரிரு நாள் கழித்துக் கடல் கொஞ்சம் சாது. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அந்த நாட்களைத்தான் சொல்வேன். எத்தனை மணிக்கு ஏறும், வற்றும் என்பதற்கு மட்டும் போனில் லுமுட் நீர் ஏற்ற அட்டவணையைப் பாருங்கள்.

உயிர்காப்புச் சட்டையைப் போட்டதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவில்லை. எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் ஒன்றைக் கொடுத்தார்கள், நானும் வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குத் தப்பு அது மட்டுமில்லை. காற்று முதுகைத் தள்ள, சுகமாகத் தெற்கே போய்விட்டேன். திரும்பும்போது அதே காற்று முகத்தில். அரை மணி நேரம் துடுப்புப் போட்டும் பக்கத்துப் பாறை பக்கத்திலேயே நின்றது. கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. அந்த மலாய்க்காரப் பெரியவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதனால், போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரட்டும்.

துடுப்பைக் கையால் இழுக்காதீர்கள், தோள் வீங்கிவிடும். இடுப்பைத் திருப்பி, காலைக் கயாக்கில் ஊன்றி அழுத்தித் துடுப்புப் போடுங்கள். கவிழ்ந்தால் கயாக்கை விட்டு நீந்தவே கூடாது. நிமிர்த்திப் போட்டு, நடுப்பகுதியில் வயிற்றை வைத்துக் காலை உதைத்து ஏறி, பிறகு திரும்பி உட்காருங்கள். இடுப்பளவு தண்ணீரில் மூன்று தடவை பழகிவிட்டுக் கிளம்புங்கள். போன் தண்ணீர் புகாத பையில், பை உடம்போடு. ஆபத்தென்றால் 999.

முதல் நாளுக்குக் கரைக்கு நேரே இருக்கும் கியாம் தீவு போதும். மறுநாள் பாறையோரமாக வடக்கே போய்ப் பாருங்கள். துடுப்பை நிறுத்தினால் காட்டிலிருந்து இருவாட்சிப் பறவையின் சத்தம் கேட்கும்.

அப்படியே சுற்றிக்கொண்டு பத்திரகாளியம்மன் கோயிலுக்கும் போய்விடலாமா என்று கேட்பார்கள். கோயில் கடலைப் பார்த்துத்தான் நிற்கிறது, ஆனால் கிழக்குக் கரையில். ஃபெரியும் மீன்பிடிப் படகும் போய்வருகிற பக்கம் அது. குளித்துவிட்டு, தீவில் டாக்சியாக ஓடும் ரோஸ் கலர் வேனில் போங்கள்.