குளிரில் பைக் ஓட்டச் சூடேறும் உடை: கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

வெப்பநிலை 0 டிகிரி. பைக் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. மூடாத தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 10 டிகிரியாகத்தான் தெரியும். கையுறை போட்டிருந்தாலும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை உறிஞ்சிவிடும். விரல் மரத்துப்போனால் பிரேக் லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. எனக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தது: இன்னும் பிடிக்கவில்லை என்று நினைத்து இறுக்கியபோது முன்சக்கரம் வழுக்கியது. அன்றிலிருந்து, பைக்கின் மின்சாரத்திலோ தனி பேட்டரியிலோ சூடேறும் உடையை ஹெல்மெட்டைப் போலவே பாதுகாப்புச் சாதனமாகப் பார்க்கிறேன்.

1. பைக்கில் எவ்வளவு மின்சாரம் மிஞ்சுகிறது?

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். மின் உற்பத்தி எத்தனை வாட் என்று பைக்கின் கையேட்டில் பாருங்கள். உதாரணமாக 350 வாட் என்று வைத்துக்கொள்வோம். இக்னிஷன், எரிபொருள் பம்ப், விளக்குகள் எல்லாம் சேர்ந்து 230 வாட் எடுத்தால் மிச்சம் 120. ஜாக்கெட்டுக்கு 85, கையுறை ஜோடிக்கு 25 என்றால் மொத்தம் 110. சமாளிக்கலாம். ஆனால் கால்சட்டையும் சேர்த்தால் தாங்காது. சிறிய பைக்குகளில் ஜாக்கெட்டுக்கே போதாமல் போகலாம்.

கணக்கு சரிதானா என்று மல்டிமீட்டரால் (வோல்ட் அளக்கும் சிறு கருவி) சோதியுங்கள். எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டு, வழக்கமாக ஓட்டும் அளவுக்கு இன்ஜினை முறுக்கி, பேட்டரி முனைகளில் அளக்க வேண்டும். 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 12.8க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது. நெரிசலில் நின்று நின்று போகும்போது உற்பத்தி குறையும். அப்போது சூட்டைக் குறைத்துவிடுங்கள்.

2. கையை விட உடம்பு முக்கியம்

கைதானே விறைக்கிறது, கையுறை வாங்கினால் போதும் என்று தோன்றும். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உள்ளுறுப்புகளைக் காக்க உடல் கைகால்களின் இரத்த நாளங்களைச் சுருக்குகிறது. நெஞ்சையும் முதுகையும் சூடாக வைத்தால் விரலுக்கும் இரத்தம் வரும். ஆகவே முதல் பணத்தை ஜாக்கெட்டிலோ கையில்லாத உள்சட்டையிலோ போடுங்கள். கையுறை அடுத்தது. ஹேண்டில்பார் பிடியில் பொருத்தும் ஹீட்டர் உள்ளங்கையைத்தான் சுடவைக்கும். காற்று அடிப்பதோ புறங்கையில்.

3. பைக் மின்சாரமா, தனி பேட்டரியா?

தனி பேட்டரிக் கையுறையில் 7.4 வோல்ட், 2,200 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால், அது ஏறக்குறைய 16 வாட் மணி. 8 வாட் எடுத்தால் இரண்டு மணி நேரம். கடுங்குளிரில் அதற்கும் குறைவு. தினமும் அரை மணி நேரம் வேலைக்குப் போய்வர இது போதும். நீண்ட பயணத்துக்குப் பைக்கின் பேட்டரியில் இணைக்கும் 12 வோல்ட் உடைதான் சரி.

4. அளவு

சூடேறும் உடை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று, வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்; மணிக்கட்டில் இடைவெளி விழுந்தால் அந்த அளவு வேண்டாம்.

5. இணைப்பு

ஒயரை நேரடியாகப் பேட்டரியில் இணைத்து, பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வையுங்கள். மேலே சொன்ன 110 வாட்டுக்கு ஏறக்குறைய 8 ஆம்பியர் ஓடும். தயாரிப்பாளர் சொல்லும் ஃபியூஸைத்தான் போட வேண்டும். போன் சார்ஜ் செய்யும் சாக்கெட்டில் ஜாக்கெட்டைச் செருகவே கூடாது. மறந்துபோய் இறங்கினாலும் பிளக் தானாகக் கழன்று வர வேண்டும், அதைக் கட்டிவைக்காதீர்கள்.

6. கன்ட்ரோலர்

வெறும் ஆன், ஆஃப் சுவிட்ச் போதாது. ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் தனித்தனியாகச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலராகப் பாருங்கள். தடித்த கையுறையோடு அதன் பொத்தானை அழுத்த முடிகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள்.

கிளம்பும்போதே குறைந்த சூட்டில் போட்டுவிடுங்கள். விறைத்த பிறகு முழுச் சூட்டில் வைத்தால், மரத்த தோல் வெந்தாலும் உறைக்காது. நீரிழிவால் கைகால் உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

ஒயர் நடுவழியில் அறுந்துபோகலாம். சாதாரணக் குளிர்காலக் கையுறை ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கட்டும்.