மார்கழிக் கூட்டத்தைத் தாங்க கேச் அமைக்கும் முறை

மயிலாப்பூர் சபா ஒன்றின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். மார்கழியில் கச்சேரிப் பட்டியலைப் பார்க்க ஒரே நேரத்தில் பலர் வருவார்கள். பாடகருக்குத் தொண்டை கட்டினால் அந்தப் பட்டியல் மாலைக்குள் மாறிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயாரிக்காமல் உடனே கொடுக்க எடுத்துவைக்கும் பிரதிதான் கேச். சர்வரிலுள்ள கேச்சை நாம் நினைத்தபோது அழிக்கலாம். ஆனால் ரசிகரின் கைப்பேசிக்குப் போய்விட்ட பிரதியை, அது மறுபடி நம்மிடம் வந்து கேட்கும்வரை நம்மால் தொட முடியாது. ஆகவே பிரவுசருக்கு எதை, எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

லோகோ, சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் பெயரில் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் குறியீடு) இடம்பெறும்படி பில்டை, அதாவது கோப்புகளை வெளியீட்டுக்குத் தயாராக்கும் படியை, அமைத்து, பதிலோடு செல்லும் கேச்-கன்ட்ரோல் ஹெடரில் மேக்ஸ்-ஏஜ் (பிரதி செல்லுபடியாகும் காலம்) மதிப்பை 31536000 விநாடிகள், அதாவது ஓராண்டு, என்று கொடுங்கள். கோப்பு மாறினால் பெயரும் மாறுவதால் பழைய பிரதி தொல்லை தராது.

பட்டியல் பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்கு நோ-கேச், ஈடேக் (பக்கத்தின் பதிப்பைக் காட்டும் அடையாளம்) இரண்டையும் அனுப்புங்கள். பிரதியைச் சேமித்துக்கொள்ளும் பிரவுசர், பயன்படுத்துமுன் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும். மாற்றம் இல்லையெனில் 'மாறவில்லை' என்று சொல்லும், உள்ளடக்கமே இல்லாத 304 பதில் போதும். எதையும் குறிப்பிடாமல் விடுவதுதான் ஆபத்து: கடைசியாக மாற்றிய தேதி தெரிந்தால், பக்கம் மாறாமலிருந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை பல பிரவுசர்கள் தாமாகவே அதைப் புதியதாகக் கருதிக்கொள்ளும். டிக்கெட் வாங்கியவரின் விவரப் பக்கத்துக்கு நோ-ஸ்டோர் (எங்கும் சேமிக்காதே) தவிர வேறெதுவும் வேண்டாம். இடையிலுள்ள பொதுக் கேச் ஒருவரின் இருக்கை எண்ணை இன்னொருவருக்குக் காட்டிவிடலாம்.

சர்வர் பக்கத்தில், தயாரான பட்டியலை ரெடிஸில் (தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் மென்பொருள்) 60 விநாடி ஆயுளுடன் வைத்தாலே டேட்டாபேஸின் சுமை வெகுவாகக் குறையும். பட்டியலைத் திருத்தும்போது, டேட்டாபேஸில் கமிட் (மாற்றம் நிலையாகப் பதிவாவது) முடிந்த பிறகே கேச்சை அழிக்க வேண்டும். முன்பே அழித்தால், இடையில் வரும் கோரிக்கை பழைய பட்டியலையே படித்து மீண்டும் நிரப்பிவிடும். ஆயுள் முடியும் நொடியில் எல்லாக் கோரிக்கைகளும் டேட்டாபேஸின்மேல் பாயாமலிருக்க, ஒரு லாக் (பூட்டு) வைத்து ஒன்றை மட்டும் புதுப்பிக்க விடுங்கள். மற்றவற்றுக்குப் பழைய பட்டியலையே சில விநாடிகள் கொடுப்பதில் தவறில்லை. அதற்கு, பழைய பிரதியை ரெடிஸில் இன்னொரு சாவியில் (தரவைத் தேடி எடுக்கும் பெயர்) சற்று நீண்ட ஆயுளுடன் வைத்திருக்க வேண்டும்.

சோதிக்கும்போது பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் கேச்சை முடக்கும் தேர்வு டிக் செய்யப்படவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு நெட்வொர்க் பகுதியில் எது 304 ஆக வருகிறது, எது சர்வருக்கே போகாமல் திறக்கிறது என்று பாருங்கள்.